அடிப்பிடித்த கஸ்டர்டில் ஐந்து முட்டை

மேவிஸ் அல்டர்சன் பள்ளிக்கூடச் சமையல்காரி. வாரத்தில் ஐந்து நாள் நூற்றிருபது பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசிப்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஸ்கெல்பெக் மந்தைவெளியில் ஏறிவிடுவாள். மேவிஸ் என்றால் அந்தப் பக்கத்துப் பழைய பேச்சில் பாட்டுக்குருவி. அவள் பாடி ஊரில் யாரும் கேட்டதில்லை. பெற்றவர்கள் குரலைப் பார்த்துப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். கண்ணைப் பார்த்து வைத்திருந்தால் வேறு பறவையின் பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும்.

ஸ்கெல்பெக் மந்தைவெளி பதினோரு வீட்டுக்குப் பொது. மேலே ஏறினால் மரம் கிடையாது, வேலி கிடையாது, முழங்கால் உயர ஹெதர் புதரும் கரிமண் சேறும் காற்றும்தான். வேலி இல்லாவிட்டாலும் ஆடு எதுவும் தன் தாய் மேய்ந்த இடத்தைத் தாண்டாது. எல்லையை அது பாலோடு குடித்துவிடுகிறது. மனிதர்களுக்கு அந்தப் புத்தி வாய்க்கவில்லை என்பதற்கு இந்தக் கதையே போதும்.

அவளோடு கூட நடப்பவர் கிளிஃபோர்ட் ஹார்க்கர். தண்ணீர் வாரியத்தில் மழைமானி பார்க்கும் வேலையில் இருந்தவர், அவளைவிட ஒன்பது வயது மூத்தவர், மனைவியை இழந்தவர். முப்பது வருஷம் மழையை அளந்து எழுதியதில் கையெழுத்து அச்சு மாதிரி ஆகிவிட்டது, கண் மங்கிவிட்டது. கண்ணுக்கு மேவிஸ், கணக்குக்கு கிளிஃபோர்ட் என்று ஊரே கேலி பேசும். அவர்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் புருஷன் பெண்டாட்டி என்றுகூட ஊர் சொல்லிச் சிரிக்கும். அவளுக்கு அது பொய்க்கோபம் வரவழைக்கும், அவ்வளவுதான். உள்ளுக்குள் பிடித்திருந்தது.

இடங்களுக்கு அவள் தனியாகப் பெயர் வைத்திருந்தாள். வரைபடத்தில் இருக்கும் பெயரைக் கடையில் நின்று பேசினால் நாலு காது கேட்கும்; பறவை முட்டை திருடுகிறவன் காதும் அதில் ஒன்றாக இருக்கலாம். அதனால் சமையல்கட்டிலிருந்தே பெயர்களை எடுத்தாள். ஓட்டை ஓட்டையாகக் கிடந்த சேற்றுநிலம் ‘வடிதட்டு’. ஓடை திரும்பும் பாறை ‘கெட்டில் மூக்கு’. வெளிர்மஞ்சள் புல்லுக்கு நடுவே ஹெதர் எரிந்து கரும்பழுப்பாகக் கிடந்த சரிவு ‘அடிப்பிடித்த கஸ்டர்ட்’. உலகத்தில் இந்தப் பெயர்கள் இரண்டே பேருக்குத் தெரியும்.

“போன ஞாயித்துக்கிழமை கஸ்டர்டுல ஏதோ அசையுற மாதிரி இருந்துச்சு” என்பாள் தபால் நிலைய வரிசையில் நின்று.

“கரண்டி போட்டுப் பாத்துருவோம்” என்பார் அவர். பின்னால் நிற்பவர்கள், இந்தக் கிழங்களுக்குத் தின்பதைத் தவிர வேறு பேச்சில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவர்கள் தேடியது மெர்லினை. புறாவைவிடச் சின்ன வல்லூறு அது. மரமே இல்லாத ஊரில் தரையில், பழைய ஹெதரின் அடியில் கூடு கட்டும். கூட்டைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. ஏதாவது ஒரு கல்லின்மேல் குருவி இறகுகள் கிடந்தால், ஆண் அங்கே உட்கார்ந்து இரை உரிக்கிறது என்று அர்த்தம். அந்தக் கல்லைப் பார்த்தபடி உட்கார வேண்டும், இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ. ஆண் இரையோடு வந்து கீ கீ கீ என்று கூப்பிடும். அடைகாக்கும் பெட்டை எழுந்து வந்து வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பிப் போய் இறங்கும். இறங்குகிற இடத்தைக் கண் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இமைத்தால் போச்சு, ஹெதர் எங்கும் ஒரே பழுப்பு. மேவிஸ் இமைக்க மாட்டாள்.

முதல் கூடு பறிபோனது எண்பத்தைந்தாம் வருஷம், வடிதட்டில். ஒரு ஞாயிறு ஐந்து முட்டை, அடுத்த ஞாயிறு ஒன்றுமில்லை. அவள் மண்டிபோட்டுத் தேடினாள்.

“ஓடுகூட இல்லயே, கிளிஃபோர்ட். துடைச்சு வச்ச மாதிரி இருக்கு.”

“நரி” என்றார் அவர். “சொன்னா கோவிச்சுக்கக் கூடாது, மேவிஸு.”

“சொல்லுங்க.”

“நீ நாள் பூரா அடுப்படியில நிக்கிறவ. உன் கோட்டு, பூட்ஸு, தலைமுடி எல்லாத்துலயும் கொழுப்பு வாசனை அடிக்குது. எனக்கே தெரியுதுன்னா நரிக்குத் தெரியாதா? நீ நடந்த தடத்தை மோப்பம் புடிச்சுக்கிட்டு நேரா கூட்டுக்கே வந்திருக்கு.”

அவளுக்கு முகம் சுட்டது. வீட்டுக்குப் போய்க் கோட்டைச் சோடா போட்டு மூன்று முறை வெளுத்தாள். அழுதாள் என்றும் சொல்லிவிடுகிறேன், யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பதினோரு வசந்தம் அவள் எந்தக் கூட்டுக்கும் பக்கத்தில் போகவில்லை. உட்கார்ந்து இடத்தைக் கண்டுபிடிப்பாள், விரலை நீட்டிக் காட்டுவாள், கல்சுவருக்குப் பின்னால் பிளாஸ்கோடு இருந்துவிடுவாள். அவர் மட்டும் போய் எண்ணிவிட்டு வருவார்.

“அஞ்சு. செக்கச்செவேல்னு இருக்கு, மேவிஸு. நீ பாக்கணுமே!”

“நீங்க பாத்தா நான் பாத்த மாதிரிதான்.”

அடுத்த ஞாயிறோ அதற்கடுத்த ஞாயிறோ அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்புவார். “போச்சு. மறுபடியும் நரி.” கண்கூடக் கலங்கியிருக்கும். அவள்தான் டீ ஊற்றிக் கொடுத்துத் தேற்றுவாள். எல்லாக் கூடும் போனதில்லை. சில வருஷம் ஒன்றிரண்டு தப்பிக் குஞ்சு பொரித்துப் பறந்ததுண்டு. அந்த வருஷங்களில் இருவரும் திருவிழா மாதிரி இறங்கி வருவார்கள்.

போகிற வழியெல்லாம் ஆள்காட்டிப் பறவைகள் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். “பாரு, நம்மளை ஊருக்கே காட்டிக் குடுக்குது” என்று கிளிஃபோர்ட் ஒவ்வொரு தடவையும் சொல்வார். அவளும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள்.

மேவிஸ் நரிக்கு எதிரி இல்லை. ஆனாலும் டாம் ஸ்பென்ஸ்லியிடம் போய் நின்றாள். அவன் மந்தைவெளி மேய்ச்சல்காரர்களுக்குத் தலைவன், துப்பாக்கி வைத்திருப்பவன்.

“நரி திங்குதுன்னா ஓடு சிதறிக் கிடக்குமே, மேவிஸ்?” என்றான் டாம்.

“மிச்சத்தைக் காக்கா தூக்கிட்டுப் போயிடுமாம். கிளிஃபோர்ட் சொன்னார்.”

“மழை அளக்கிறவருக்கு நரியும் தெரியுமா? சரி, பாக்குறேன்.” முணுமுணுத்துக்கொண்டே போய்ச் சுட்டான்.

கிறிஸ்துமஸ் வந்தால் அவள் வெண்ணெய் பிஸ்கட் சுட்டு, ஆட்டுப்படம் போட்ட தகர டின்னில் அடுக்கிக் கிளிஃபோர்டுக்குக் கொடுப்பாள். டின் திரும்பி வரவே வராது. “பிஸ்கட்டைத் தின்னுட்டு டின்னையும் முழுங்குற ஆளு நீங்க ஒருத்தர்தான்” என்று திட்டுவாள். அடுத்த வருஷம் புது டின் வாங்குவாள்.

தொண்ணூற்றேழு பிப்ரவரியில் கிளிஃபோர்ட் வாசலில் பனிக்கட்டி வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். டவுன் ஆஸ்பத்திரியில் கிடத்தினார்கள். மேவிஸ் சாவியை வாங்கிக்கொண்டாள்.

“கட்டிலுக்கு இடப்பக்கத்து டிராயர். கண்ணாடி, பைஜாமா எல்லாம் அதுல இருக்கு. வேற எதையும் குடையாதே, ஒழுங்கா அடுக்கி வச்சிருக்கேன்” என்றார்.

மனுஷன் படுத்துக்கொண்டு சொன்னார். அவருக்கு எது இடது என்றால், கட்டிலில் மல்லாந்து படுத்தவனுக்கு எது இடதோ அது. மேவிஸ் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, தன் இடப்பக்கத்து டிராயரை இழுத்தாள்.

உள்ளே ஆட்டுப்படம் போட்ட டின்கள். அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அட கஞ்சப் பிசினாறி, பிஸ்கட்டைக்கூடத் தின்னாமல் சேர்த்து வைத்திருக்கிறாரே என்று மேல் டின்னைத் திறந்தாள். பஞ்சு. பஞ்சுக்குள் ஐந்து முட்டை, செக்கச்செவேல் என்று, அவள் பதினோரு வருஷமாகச் சுவருக்குப் பின்னாலிருந்து காதால் கேட்டே பழகிய நிறம். ஒன்றை எடுத்தாள். எடையே இல்லை. பக்கவாட்டில் ஊசித்துளை போட்டு உள்ளிருந்ததை ஊதி வெளியேற்றியிருந்தது. அடியில் ஓர் அட்டை, அச்சு மாதிரி கையெழுத்தில்:

‘அடிப்பிடித்த கஸ்டர்ட். 12 மே 1991. ஐந்து முட்டை. கண்டவர்: மேவிஸ் அல்டர்சன். மேவிஸ் சுவரருகே. நரி என்று நம்புகிறாள்.’

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது டின். பதினான்கு அட்டை. வடிதட்டு, கெட்டில் மூக்கு, மறுபடியும் வடிதட்டு. அவள் வைத்த பெயர்களையே எழுதியிருந்தான். இனி அந்த ஆளை ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை; படிப்பவர்கள் மன்னிக்கட்டும். ஒவ்வொரு அட்டையிலும் அவள் பெயர். ஒவ்வொன்றிலும் கடைசியில் அதே மூன்று வார்த்தை. ஒரு வருஷம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருந்தது: ‘அழுதாள். டீ கொடுத்தாள்.’

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்ததாகச் சொல்வார்கள். இங்கே பூனை பாலையும் குடித்துவிட்டு, உன் கை நாற்றத்தால்தான் பால் கெட்டது என்று வீட்டுக்காரியையே நம்பவைத்திருக்கிறது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கண்ணாடியும் பைஜாமாவும் எடுத்துப் போனாள், அது அவள் வழக்கம். வார்டு நர்ஸ், “வா கண்ணு, காலையில இருந்து உன்னையேதான் கேட்டுக்கிட்டு இருக்கார்” என்று நாற்காலி போட்டாள்.

“கண்ணாடி கெடச்சுதா?” என்றான் கிளிஃபோர்ட்.

“கெடச்சுது. மொதல்ல தப்பான டிராயரத் தொறந்துட்டேன்.”

அவன் முகத்தைப் பார்த்தாள். வெளிறும் என்று நினைத்தாள். அவன் தலையைத் தூக்கினான்.

“எதுவும் உடையலயே?”

“உடையல.”

“அப்பாடா” என்று தலையணையில் சாய்ந்தான்.

அந்த ‘அப்பாடா’வில் அவளுக்குள் ஏதோ அறுந்தது. முப்பது வருஷமாக ‘நீங்க’ என்றே பேசியவள் அப்போதுதான் அதைக் கைவிட்டாள்.

“பதினாலு கூடு, கிளிஃபோர்ட். என் கோட்டு நாறுதுன்னு சொன்னியே.”

“நர்ஸு காதுல விழப்போகுது.”

“விழட்டும். நாறுச்சா, இல்லையா?”

“இல்ல” என்றான். “வெண்ணெய் வாசனை லேசா அடிக்கும். எனக்குப் புடிக்கும்.”

“அப்புறம் எதுக்குச் சொன்ன?”

“நீ கூடவே வந்தா நான் எப்புடி எடுக்கறது? திட்டுனா நீ நிக்க மாட்ட, கெஞ்சுனாலும் நிக்க மாட்ட. உன்னாலதான் குஞ்சு சாவுதுன்னு சொன்னாத்தான் நிப்ப. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

அதுதான். அவளை அவ்வளவு நன்றாகத் தெரிந்தவன் உலகத்தில் வேறு யாரும் இல்லை. அந்தத் தெரிதலைத்தான் அவன் கத்தியாகத் தீட்டி வைத்திருந்தான்.

“வித்தியா?”

“சே! விக்கிறதா? யாருகிட்டயும் காட்டுனதுகூட இல்ல.” உண்மையாகவே அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “எட்டு வயசுலருந்து புடிச்ச பைத்தியம், மேவிஸு. அந்தக் காலத்துல பையனுங்க எல்லாரும் எடுத்தோம். எடுக்கக் கூடாதுன்னு சட்டம் வந்தது, அவனுங்க விட்டானுங்க, என்னால முடியல. ராத்திரி ஒரு டின்னத் தொறந்து பாத்தாத்தான் தூக்கம் வரும். உனக்குக் காட்டணும்னு எத்தனை தடவ நெனச்சேன் தெரியுமா? அதோட அருமை உன்ன விட்டா யாருக்குப் புரியும்?”

அவள் கண்ணாடியையும் பைஜாமாவையும் கட்டிலோரம் எடுத்து வைத்தாள்.

“அட்டையில பாத்தியா, உன் பேரத்தான் போட்டிருக்கேன். வேற எவனா இருந்தாலும் தான் கண்டுபுடிச்சதா எழுதிக்குவான். நான் அப்படி இல்ல.” அதில் அவனுக்கு நிஜமான பெருமை இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினான். “போலீசுக்குப் போனீன்னா அந்தப் பேரும் கூடப் போகும். மிரட்டுறேன்னு நெனைக்காதே. உள்ளதைச் சொல்றேன்.”

அன்று மாலை முழுக்க மேவிஸ் தன் அடுப்புக்கு முன்னால், அவன் வீட்டிலிருந்து டின்களோடு கொண்டுவந்த அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எரித்துவிட்டால் முட்டை வெறும் முட்டை. எங்கே, எப்போது, யார் கண்டது, எதுவும் யாராலும் சொல்ல முடியாது. எரிக்காவிட்டால் பதினான்கு கூட்டின் தலையிலும் அவள் பெயர் நிற்கும். மந்தைவெளி முழுக்க அவளை நம்பித்தான் வைத்திருந்தது. மேவிஸ் விரல் நீட்டிய பக்கம் மேய்ச்சல்காரர்கள் நாயைக்கூட விடமாட்டார்கள். அந்தப் பெயரைத் தவிர அவளிடம் சேர்த்துவைத்த சொத்து வேறு கிடையாது.

அடுப்புக் கதவை இரண்டு முறை திறந்து மூடினாள். காலையில் டின்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டு முதலில் டாம் வீட்டுக்குத்தான் போனாள்.

“நான் சொல்லி எத்தனை நரி சுட்ட?”

“ஏன், இப்ப என்ன? ஏழு. ஒண்ணுக்குப் பால் சுரந்திருந்துச்சு. அந்த வருஷம் எனக்கு மனசே சரியில்ல.”

“நரி இல்ல, டாம்.” அட்டையை நீட்டினாள்.

டாம் கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தான். மறுபடியும் படித்தான்.

“உன் பேரு இருக்கே.”

“ஆமா.”

“பதினோரு வருஷம் பக்கத்துலயே உக்காந்து டீ ஊத்திக் குடுத்தவளுக்கு ஒண்ணுமே தெரியாதா?”

அவன் குத்திக்காட்டக் கேட்கவில்லை. ஆச்சரியத்தில் கேட்டான். அதனால்தான் அது ஆழமாக இறங்கியது. கூடையைத் தூக்கிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

அங்கே இருந்த கான்ஸ்டபிளுக்குப் பறவை தெரியாது. “இந்தக் கஸ்டர்டுங்கிறது எந்த ஊரும்மா?” என்று கேட்டான். வரைபடத்தை விரித்துவைத்தான். அவள் பதினான்கு முறை விரலை வைத்துக் காட்டினாள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவன் வரைபடத்துக் கட்ட எண்களை எழுதிக்கொண்டான். வடிதட்டு ஓர் எண் ஆனது, கெட்டில் மூக்கு ஓர் எண் ஆனது. அப்புறம் அவளையும் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் விசாரித்தார்கள். கூட்டைக் கண்டுபிடித்தது நீங்கள்தானே? ஆமாம். இடத்தைக் காட்டியது? நான்தான். டின்? நான் கொடுத்தது.

அவளைக் காப்பாற்றியது என்ன தெரியுமா? அந்த மூன்று வார்த்தை. நரி என்று நம்புகிறாள். ஜூலையில் வழக்கு நடந்தபோது அரசு வக்கீல் பதினான்கு அட்டையையும் ஒன்றுவிடாமல் உரக்கப் படித்தார். பதினான்கு முறை நம்புகிறாள், நம்புகிறாள் என்று கோர்ட்டில் ஒலித்தது. பின்பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அழுதாள், டீ கொடுத்தாள் என்று படித்தபோது அடக்க முடியவில்லை. கைத்தடியோடு நின்ற கிளிஃபோர்டுக்கு அபராதம் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மேவிஸ் திருடி இல்லை என்று தீர்ந்தது. ஏமாளி என்று பத்திரிகையில் வந்தது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள்கூடச் சும்மா இருந்துவிடுவார்கள். பரிமாறுகிற டோரா இருந்தாளே, அவள் விடவில்லை. “இன்னிக்குக் கஸ்டர்ட் அடிப்பிடிச்சிருக்கா, மேவிஸ்? இல்ல, நரி தின்னுடுச்சா?” மேவிஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். அதற்கப்புறம் அந்த அடுப்படியில் கஸ்டர்ட் செய்வதே நின்றது.

அடுத்த மே மாதத்தில் ஒரு ஞாயிறு அவள் தனியாக மேலே ஏறினாள். போகாமல் இருக்கத்தான் பார்த்தாள், கால் கேட்கவில்லை. பஞ்சுப்புல் வெள்ளையாகக் காற்றில் சாய்ந்து கிடந்தது. ஆள்காட்டிகள் தலைக்குமேல் வந்து வழக்கம்போலக் கத்தின. பதினோரு வருஷமும் உண்மையைக் கத்திக் கத்திச் சொன்னது அதுகள் மட்டும்தான், நாம்தான் சிரித்துக்கொண்டு போனோம் என்று நினைத்தாள். அதே கல்சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வேறு எங்கே உட்காரலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

எதிரே சரிவில் ஒரு கல். கல்லின்மேல் குருவி இறகு. அவள் தேடவில்லை, கண் தானாகவே போய் அங்கே நின்றது. ஒரு மணி நேரம் கழித்து ஆண் மெர்லின் காலில் இரையோடு தாழ்வாக வந்தது. கீ கீ கீ. ஹெதருக்குள்ளிருந்து பெட்டை எழுந்தது. இரையை வாங்கிக் கல்லில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் தின்றது. அலகைத் துடைத்துக்கொண்டது. எழும்பியது. இனி இறங்கும்.

மேவிஸ் இரண்டு கையாலும் கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

நூறு வரை எண்ணினாள். சந்தேகமாக இருந்ததால் இன்னொரு நூறு எண்ணினாள். கையை எடுத்தபோது கல் காலியாக இருந்தது. சரிவு முழுக்க ஹெதர் ஒரே பழுப்பு. பெட்டை எங்கே இறங்கியது என்று அவளுக்குத் தெரியாது. பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வழியில் யார் கேட்டாலும் சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை.